ஒற்றைச் சாட்சி

1783இல் வியன்னாவிலிருந்து பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு ஒரு கடிதம் போயிற்று. எழுதியவர் யான் இங்கன்ஹவுஸ். ஆஸ்திரிய அரச குடும்பத்துக்குப் பெரியம்மைக் காப்பு வைத்த டச்சு மருத்துவர். வெளிச்சம் பட்டால்தான் இலை நல்ல காற்றை வெளிவிடுகிறது என்று 1779இல் நிறுவிக் காட்டியவர். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் லெய்டன் ஜாடியோடு வேலை செய்துகொண்டிருந்தபோது அது அவர் தலையில் பாய்ந்துவிட்டது. நினைவு கலைந்தது, புத்தி மழுங்கியது. இனி இப்படியே இருந்துவிடுவோமோ என்ற பயத்தோடு படுக்கப் போனார். மறுநாள் காலை எழுந்தபோது எல்லாம் திரும்பியிருந்தது. திரும்பியதோடு நிற்கவுமில்லை. முன்பு சிக்கலாகத் தெரிந்தவை இப்போது லேசாகப் பிடிபட்டன, மனசுக்குள் ஒரே துள்ளல். தன் அறிவு முன்பிருந்ததைவிடப் பல மடங்கு கூர்மையாகிவிட்டது என்று எழுதுகிறார். எழுதுகிற வாக்கியத்தின் நடுவிலேயே, அப்போது எனக்கு அப்படித் தோன்றியது என்ற பொருளில் ஒரு சிறு தொடரையும் சேர்த்துவிடுகிறார். பித்துப் பிடித்தவர்களுக்கு இதைச் செய்து பார்த்தால் என்ன என்பது அவருடைய யோசனை. ஃபிராங்க்ளினுக்கும் அது சரியென்றே பட்டது. அவரும் மின்சாரத்தில் அடிபட்டு விழுந்து எழுந்தவர்தான்.

அந்தச் சிறு தொடரை எழுதுவதற்கு ஒரு நேர்மை வேண்டியிருக்கிறது. தன் தலைக்கு மின்சாரம் கொடுத்து மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் நினைவைக் கூர்மையாக்கவும் இன்றைக்கு வீட்டில் முயல்கிற ஒவ்வொருவரும் அந்தத் தொடருக்குள்தான் நிற்கிறார்கள். மாறியதாகச் சொல்லப்படுவது மூளை. மாறியதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியதும் அதே மூளை. வேறு சாட்சி இல்லை.

இப்படிச் செய்பவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பெருகியிருக்கிறார்கள். டிடிசிஎஸ் என்று சுருக்கிச் சொல்லும் முறை அது. மண்டையோட்டின் மேலிருந்து பலவீனமான நேர்மின்னோட்டத்தை மூளைக்குள் செலுத்துவது. சிலர் கடையில் விற்கும் தலைப்பட்டையை வாங்குகிறார்கள். சிலர் மல்டிமீட்டரில் போடும் ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி, மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் ஒரு சிறிய சில்லு, இரண்டு ஒயர் என்று தாங்களே கோத்துக்கொள்கிறார்கள். செய்முறையை விலாவாரியாகச் சொல்லிக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் எப்படிக் கழிகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அந்த மனிதர்களைப் புரிந்துகொள்ள முடியாது.

உள்ளங்கையில் அடங்கும் இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டுகள். உப்புநீரில் முக்கிப் பிழிய வேண்டும். அதிகம் பிழிந்தால் காய்ந்துபோய், மின்சாரம் ஒரே புள்ளியில் குவிந்து தோலைச் சுட்டுவிடும். பிழியாமல் வைத்தால் நீர் நெற்றியில் வழியும், மின்சாரமும் அந்த ஈரத்தோடு தோலின் மேலேயே ஓடிவிடும். மனச்சோர்வுக்கு என்றால் நேர்முனை இடது நெற்றிக்கு மேலே, எதிர்முனை வலப்பக்கம். ரப்பர் பட்டையை இறுக்கியாயிற்று. பொத்தானை அழுத்தியதும் மின்சாரம் சுழியத்திலிருந்து மெதுவாக ஏறுகிறது. முதலில் குறுகுறுப்பு, பிறகு அரிப்பு, ஸ்பாஞ்சின் ஓரங்களில் ஊசி குத்துவது போன்ற எரிச்சல். சிலருக்கு நாக்கில் உலோகச் சுவை தட்டும். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் முனை கொஞ்சம் நழுவினால் மூடிய இமைக்குள் ஒரு வெளிச்சம் பளிச்சிட்டு மறையும். அது விழித்திரை மின்சாரத்துக்குச் சொல்லும் பதில். இரண்டு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். பிறகு இருபதோ முப்பதோ நிமிடம், அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. சிலர் அந்த நேரத்தில் நினைவாற்றல் விளையாட்டு ஆடுவார்கள்: திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து போக, இப்போது வந்த எழுத்து மூன்று எழுத்துக்கு முன்னால் வந்ததுதானா என்று சொல்ல வேண்டும். முடிந்ததும் ஸ்பாஞ்சைக் கழற்றினால் நெற்றியில் சதுரமாக ஒரு சிவப்பு. ஒரு நோட்டில் தேதி, மின்னோட்டத்தின் அளவு, மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், ராத்திரி தூக்கம் எப்படி. மறுநாள் இதே நேரத்துக்கு இதே காரியம்.

நம் ஊரில் தலைக்குக் கரண்ட் வைப்பது என்றாலே சினிமாவில் பார்த்த காட்சி கண்முன் வந்துவிடும்: கட்டிலில் கட்டிப்போட்ட ஆள், நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, உடம்பு வில்லாக வளைவது. அந்தக் காட்சிகள் நம்மை எவ்வளவு தூரம் மனநல மருத்துவத்திலிருந்து விரட்டிவிட்டன என்பதைத் தனியாக எழுத வேண்டும். மருத்துவமனையில் கொடுக்கும் மின்னதிர்வு சிகிச்சை வேறு. அங்கே ஏறத்தாழ 800 மில்லிஆம்பியர் மின்சாரம் சில நொடிகள் பாய்ந்து வலிப்பை உண்டாக்குகிறது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. கடுமையான மனச்சோர்வில் இன்னமும் உயிர் காக்கும் சிகிச்சை அதுதான். நான் இங்கே பேசும் மின்சாரம் ஒன்று அல்லது இரண்டு மில்லிஆம்பியர். வலிப்பை வரவழைக்கும் அளவுக்குப் பக்கத்தில்கூட வராதது.

இத்தனை சிறிய மின்சாரத்தால் என்ன ஆகும்? நரம்பணுவைத் துடிக்கவைக்கும் வலு அதற்குக் கிடையாது. ஏற்கெனவே துடிக்கப்போகிற அணுவைக் கொஞ்சம் எளிதாகத் துடிக்கவைக்கும், அல்லது கொஞ்சம் தயங்கவைக்கும். 1960களின் தொடக்கத்தில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிண்ட்மன், லிப்போல்ட், ரெட்ஃபெர்ன் மூவரும் எலியின் மூளைப் புறணியில் சில நிமிடங்கள் இப்படி மின்சாரம் செலுத்தினார்கள். நிறுத்திய பிறகும் மணிக்கணக்கில் அணுக்களின் போக்கு மாறியே இருந்தது. 1964இல் லிப்போல்டும் ரெட்ஃபெர்னும் மனிதர்களிடம் முயன்றபோது, தலையில் நேர்முனை வைத்தவர்கள் கலகலப்பாகிப் பேச ஆரம்பித்தார்கள். எதிர்முனை வைத்தவர்கள் ஒதுங்கி அமைதியானார்கள். பின்னால் அதே விளைவை எல்லோராலும் பார்க்க முடியவில்லை, விஷயம் மறந்துபோயிற்று. 2000இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷேயும் பவுலுஸும் இதைப் புதைகுழியிலிருந்து எடுத்தார்கள். கையை அசைக்கும் மூளைப் பகுதிக்கு மேலே சில நிமிட மின்சாரம். அந்தப் பகுதியின் கிளர்ச்சி நாற்பது சதவீதம் வரை கூடவோ குறையவோ செய்தது. அளந்தது விரலின் தசைத் துடிப்பை. சொந்த அபிப்பிராயத்துக்கு அங்கே இடமில்லை என்பதால்தான் அந்த ஆய்வு இவ்வளவு தூரம் எடுபட்டது என்று நினைக்கிறேன். அதன் பிறகு ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்தன. விரலின் துடிப்பிலிருந்து நினைவுக்கும், நினைவிலிருந்து துக்கத்துக்கும் தாவியது அந்த நம்பிக்கை.

வீட்டில் இதைச் செய்பவர்களை அசட்டுத் துணிச்சல்காரர்கள் என்று ஒதுக்குவது எனக்கு ஒப்பவில்லை. மனச்சோர்வு என்பது என்ன என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அப்படி ஒதுக்க மாட்டார்கள். காலையில் பல் துலக்குவதே மலையாகத் தெரியும் ஒருவருக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். வேலை செய்கிறதா என்று தெரியவே வாரக்கணக்கில் ஆகும். வாய் உலர்ந்து, உடம்பு பெருத்து, உறவில் நாட்டம் போய், ஆனால் துக்கம் மட்டும் போகாமல் இருப்பவர்கள் நிறைய. 2006இல் முடிவுகள் வெளியான அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வில், முதல் மருந்திலேயே முழுக்கத் தேறியவர்கள் சுமார் மூன்றில் ஒருவர்தான். மிச்சம் இரண்டு பேருக்கு அடுத்த மருந்து, அதற்கடுத்த மருந்து. அந்தக் காத்திருப்பில் ஒருவர் பேட்டரியைக் கையில் எடுத்தால், எடுத்தது அவருடைய நோயின் தீவிரம் என்றுதான் சொல்வேன். நினைவுக்காகச் செய்பவர்களுக்கும் அவரவர் காரணம் இருக்கிறது. அம்மா தன் பெயரையே மறந்துபோனதைப் பார்த்துவிட்டு, ஒரு சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும்போதெல்லாம் வயிறு கலங்குகிற ஐம்பது வயதுக்காரியிடம், சும்மா இரு என்று எப்படிச் சொல்வது?

வீடும் இதற்குப் புதிய இடமில்லை. மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1756இல் லண்டனில் ஒரு மின்பொறி வாங்கி ஏழைகளுக்கு இலவசமாக மின்சாரம் கொடுத்தார். சாதாரண மனிதர்கள் தாங்களே செய்துகொள்ளும்படி 1760இல் ஒரு புத்தகமும் வெளியிட்டார். மருத்துவர்களின் கட்டணம் கட்ட முடியாதவர்களைப் பற்றிய கவலையில் பிறந்த புத்தகம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க வீடுகளில் மரப்பெட்டிக்குள் வைத்த மருத்துவ பேட்டரி சர்வசாதாரணம். சியர்ஸ் கம்பெனி அஞ்சல் வழி விற்பனைப் பட்டியலில் மின்சார இடுப்புப் பட்டையே இருந்தது. நரம்புத் தளர்ச்சி, தூக்கமின்மை, ஞாபக மறதி, ஆண்மைக் குறைவு என்று எல்லாவற்றுக்கும் அதையே விற்றார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆனா வெக்ஸ்லர் அந்தப் பழைய பெட்டிகளின் வரலாற்றையும் எழுதியிருக்கிறார், இன்றைய வீட்டுச் சோதனைக்காரர்களோடும் நெருங்கிப் பேசியிருக்கிறார். தலைப்பட்டை வாங்கியவர்களிடம் அவர் நடத்திய கணக்கெடுப்பில் பெரும்பாலோர் படித்தவர்கள், வசதியானவர்கள். கணிசமானோர் கொஞ்ச நாளில் நிறுத்தியும் விட்டிருந்தார்கள்.

தனியாக உட்கார்ந்து தன்னையே சோதித்துக்கொள்வதில் ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் ஓர் உதாரணம். புற ஊதாக் கதிரை 1801இல் கண்டுபிடித்தவர். வோல்ட்டாவின் மின்னடுக்கைத் தன் நாக்கிலும் கண்ணிலும் மூக்கிலும் காதிலும் மாற்றி மாற்றி வைத்து, தோன்றிய நிறம், ஒலி, சுவை அத்தனையையும் குறித்து வைத்தார். கவனமான குறிப்புகள். ஆனால் அவர் தாங்கிய அளவு மின்சாரத்தை வேறொருவர் தாங்கிச் சரிபார்க்க முடியவில்லை. உடம்பு நொறுங்கி 1810இல், 33 வயதில் போய்ச் சேர்ந்தார். லூய்ஜி கால்வானியின் சகோதரி மகன் ஜியோவானி ஆல்தீனியும் போலோன்யாவில் தன் தலையிலேயே முதலில் சோதித்தார். மண்டையின் உட்சுவரில் மோதுவது போன்ற ஓர் அதிர்ச்சி, அதன் பிறகு பல நாள் தூக்கமே இல்லை. ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. ஆழ்ந்த துக்க நோயில் கிடந்த லூய்ஜி லான்ஸரினி என்ற இளம் விவசாயிக்கு 1801இல் அந்த மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தார். முகம் தெளிவதை வாரக்கணக்கில் கூட இருந்து பார்த்துக் குறித்தார். ரிட்டரின் குறிப்புக்கும் ஆல்தீனியின் குறிப்புக்கும் நடுவிலுள்ள தூரம்தான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்துவந்தது. ஒன்றில் பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் ஒருவரே. மற்றதில் இரண்டு பேர்.

இந்த இரண்டாவது ஆள் எதற்கு என்று கேட்டால், போலிச் சிகிச்சையின் கதையைத்தான் சொல்ல வேண்டும். ஆய்வுகளில் பாதிப் பேருக்கு ஸ்பாஞ்சை வைத்து, மின்சாரத்தை அரை நிமிடம் மட்டும் ஏற்றி, தெரியாமல் இறக்கிவிடுவார்கள். தோலில் குறுகுறுப்பு தொடங்கி அடங்குகிறது அல்லவா, அது உண்மை மின்சாரத்திலும் அப்படித்தான் அடங்கும். ஆகவே மிச்ச நேரம் முழுக்க ஒன்றுமே ஓடாத ஸ்பாஞ்சைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. அவர்களில் பலர் தேறிவிடுகிறார்கள். நினைவுச் சோதனையிலும் மதிப்பெண் கூடுகிறது. திரும்பத் திரும்ப ஆடினால் யாருக்கும் கூடும். வீட்டில் நோட்டுப் போட்டு எழுதுகிறவர் தன் மதிப்பெண் வாரா வாரம் ஏறுவதைப் பார்க்கிறார். ஸ்பாஞ்சில் மின்சாரமே ஓடாத இன்னொரு நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து அதே ஆட்டத்தை ஆடியிருந்தால் அவனுடைய கோடு எப்படி ஏறியிருக்கும் என்று ஒப்பிட அவருக்கு வழியில்லை.

மின்சாரம் மூளைக்குப் போகிறதா என்பதிலேயே சண்டை நடந்தது. நியூயார்க்கின் ஜியார்ஜ் புஷாக்கியும் ஹங்கேரியில் செகெட் நகரத்து ஆய்வாளர்களும் சேர்ந்து, இறந்தவர்களின் தலையில் மின்சாரம் செலுத்தி உள்ளே கம்பி வைத்து அளந்தார்கள். ஏறத்தாழ முக்கால் பங்கு தோலிலும் சதையிலும் மண்டையோட்டிலுமே கரைந்துவிடுகிறது என்று 2018இல் எழுதினார்கள். நரம்பணுக்களின் கூட்டுத் துடிப்பை நேரடியாக அசைக்க வேண்டுமென்றால் வழக்கமான அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும் என்பது அவர்கள் கணிப்பு. ஆய்வகத்தில் இது ஒரு விவாதம். வீட்டில் தனியாக இருப்பவருக்கு இது அளவைத் திருகிக் கூட்டுவதற்கான அழைப்பாகிவிடும் என்பதுதான் என் பயம். நேர்முனையின் அடியில் அமிலமும் எதிர்முனையின் அடியில் காரமும் சேரும். கூட்டினால் தோல் வெந்து தழும்பாகும்.

நினைவைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல். ஆக்ஸ்ஃபோர்டில் தெரேசா யுகுலானோவும் ராய் கோஹன் கடோஷும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்கள் புதிதாக ஓர் எண் முறையைக் கற்றுக்கொண்டார்கள். தலையின் பின்பக்கமாக, உச்சிக்குக் கீழே மின்சாரம் கொடுத்தபோது கற்கும் வேகம் கூடியது. கற்றதை யோசிக்காமல் சட்டெனப் பயன்படுத்தும் திறன் குறைந்தது. முன்நெற்றிக்குக் கொடுத்தபோது நேர் எதிர். ஒன்று கூடினால் ஒன்று குறைந்தது. கூடியதை மட்டும் தேடுகிற ஒருவர் குறைந்ததை எங்கே போய்த் தேடுவார்? தான் எதை அளக்கிறாரோ அதுதான் அவருக்குத் தெரியும். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில், கணினி விளையாட்டுக்காரர்களைக் குறிவைத்து விற்ற ஃபோகஸ் என்ற தலைப்பட்டையை வாங்கிச் சோதித்தபோது, வேலை நினைவு கூடுவதற்குப் பதிலாகக் கொஞ்சம் மோசமாகியிருந்தது.

2016இல் பென்சில்வேனியா, ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த நான்கு பேர் வீட்டுச் சோதனைக்காரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 39 ஆய்வாளர்கள் உடன் கையெழுத்திட்டார்கள். அந்தக் கடிதத்தை நான் மதிக்கிறேன். அதட்டவில்லை, தடைபோடச் சொல்லவில்லை. மின்சாரம் ஸ்பாஞ்சின் அடியோடு நிற்பதில்லை, நீங்கள் நினைக்காத இடங்களுக்கும் போகிறது. அப்போது நீங்கள் புத்தகம் படித்துக்கொண்டிருந்தீர்களா, வெறுமனே உட்கார்ந்திருந்தீர்களா என்பதைப் பொறுத்தும் விளைவு மாறும். ஒருவருக்குக் கிளர்ச்சி தருவது இன்னொருவருக்கு எதிராகப் போகலாம். மாற்றம் நெடுநாள் தங்கலாம். இப்படி, தங்களுக்குத் தெரிந்ததைச் சக மனிதர்களிடம் சொல்வதுபோல் சொன்னார்கள். ஒரு நோயாளியோடு மருத்துவர் பேச வேண்டிய தொனி அதுதான்.

மனச்சோர்வுக்கான பெரிய ஆய்வுகளுக்கு வருவோம். 2017இல் சாவோ பாவ்லோவில் ஆந்த்ரே ப்ருனோனி குழு 245 பேரிடம் இதை எஸ்சிடலோப்ராம் மாத்திரையோடு நிறுத்திப் பார்த்தது. போலிச் சிகிச்சையைவிட மேல், ஆனால் மாத்திரைக்கு இணை என்று நிரூபிக்க முடியவில்லை. 2023இல் ஜெர்மனியில் எட்டு மருத்துவமனைகளில் 160 பேர், ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள். மின்சாரம் பெற்றவர்களும் போலியைப் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான் தேறினார்கள். 2024இல் இரண்டு ஆய்வுகள் நேராக வீட்டுக்கே போயின. ஒன்று மறுபடி பிரேசில்: 210 பேர், வீட்டில் தாங்களே போட்டுக்கொண்டார்கள், கைப்பேசிச் செயலி வழிகாட்டியது, மேற்பார்வைக்கு ஆள் இல்லை. போலியைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. இன்னொன்று சிந்தியா ஃபூ தலைமையில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும்: 174 பேர், பத்து வாரம். முதல் மூன்று வாரம் வாரத்துக்கு ஐந்து முறை, பிறகு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், இரண்டு மில்லிஆம்பியர். முதல் முறை ஸ்பாஞ்சை வைக்கும்போது ஆய்வாளர் ஒருவர் வீடியோ அழைப்பில் உடனிருந்தார். பிறகும் தொடர்ந்து பேசினார்கள். உண்மை மின்சாரம் பெற்றவர்களில் 44.9 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டார்கள். போலியைப் பெற்றவர்களில் 21.8 சதவீதம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஆள் இருந்தால் பலிக்கும் இல்லாவிட்டால் பலிக்காது என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. தேர்ந்தெடுத்த நோயாளிகள் வேறு, காலம் வேறு. சிந்தியா ஃபூவின் ஆய்வில் மின்சாரம் பெற்றவர்களில் பெரும்பாலோர் தமக்குக் கிடைத்தது உண்மையானதுதான் என்று சரியாக ஊகித்துவிட்டார்கள் என்பதும் ஒரு குறை. ஆனாலும் 21.8 என்ற எண்ணை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. மின்சாரமே ஓடாத ஸ்பாஞ்சைக் கட்டிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் மீண்டிருக்கிறார்கள். சிலர் தானாகவே தேறியிருப்பார்கள். மனச்சோர்வு ஏறும் இறங்கும். மிச்சம் பேருக்கு என்ன கிடைத்தது? நாள் தவறாமல் ஓர் அரை மணி நேரம் தனக்கென்று ஒதுக்கியது. ஏதோ செய்கிறோம் என்ற எண்ணம். எப்படி இருக்கிறீர்கள் என்று குறித்த நாளில் ஒருவர் கேட்பார் என்பது. மனச்சோர்வில் கிடப்பவரிடம் முதலில் அறுந்துபோவது இவைதான். சிகிச்சை ஆய்வுகள் இவற்றைக் கழித்துப் பார்த்து மின்சாரத்தின் சுத்தமான பலனைக் கணக்கிடுகின்றன, அது அவர்கள் வேலை. வாழ்கிறவருக்குக் கழித்துவிட்ட அந்தப் பகுதியும் வேண்டும்.

வீட்டில் தனியே பேட்டரியோடு உட்கார்ந்திருப்பவருக்கு மின்சாரம் கிடைக்கலாம். கேட்கிற ஆள் கிடைப்பதில்லை. என் கவலை முழுவதும் அங்கேதான். தோல் வெந்தால் கண்ணாடியில் தெரியும். மனம் வேறு பக்கம் சாய்ந்தால் தெரியாது. ப்ருனோனியின் ஆய்வில் மின்சாரம் பெற்ற இருவருக்குப் புதிதாகப் பித்துக் கிளர்ச்சி வந்தது. துக்கத்திலிருந்து எழுந்தவர் நின்ற இடத்தில் நிற்காமல் மேலே மேலே போவது அது. தூக்கம் குறையும், பணம் தண்ணீராகச் செலவாகும், பேச்சு நிற்காது. அப்போது அவருடைய நோட்டில் மதிப்பெண் என்னவாக இருக்கும்? பத்துக்குப் பத்து. இதுவரை இப்படி இருந்ததேயில்லை என்று எழுதியிருப்பார். சிகிச்சை வெற்றி என்றே அந்த நோட்டைப் படிக்கும் யாரும் நினைப்பார்கள், அவர் உட்பட. கூட இருக்கும் மனைவியோ தம்பியோதான், ராத்திரி மூன்று மணிக்கு அலமாரியை ஒழிக்கிற சத்தத்தைக் கேட்டு, இது சரியில்லை என்று உணர்வார்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸில் மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கேட்கும் குரல்களைக் குறைக்க இதே மின்சாரத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து பயன்படுத்தி வருகிறார்கள். வீட்டுக் கருவிகளும் நம் ஊருக்கு வந்து சேரும். ஸ்மார்ட் வாட்ச் வந்தது போல வந்துவிடும். அவற்றைத் தடுப்பதைப் பற்றிப் பேச எனக்கு ஆர்வமில்லை. மனநல மருத்துவர் மாவட்டத்துக்கு ஓரிருவர் இருக்கும் இடத்தில், மருந்து ஒத்துக்கொள்ளாத ஒரு பெண்ணுக்கு வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் சிகிச்சை பெரிய வரமாகக்கூட அமையலாம். கருவியோடு சேர்த்து, அவளிடம் வாரம் ஒருமுறை பேசும் செவிலியருக்கும் சம்பளம் ஒதுக்குவார்களா என்பதைத்தான் கேட்க வேண்டும். பெட்டிக்கு ஒரு விலை இருக்கும். அந்தப் பேச்சுக்கு யாரும் விலை போட மாட்டார்கள், ஆகையால் அதுதான் முதலில் வெட்டுப்படும்.

மேலே சொன்ன ஆய்வுகளில் பலவும் மீட்சியை அளந்தது மாக்ஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1960இல் வெளியிட்ட அளவுகோலைக் கொண்டு. பதினேழு இனங்கள். சோகம், குற்றவுணர்வு, தற்கொலை எண்ணம், தூக்கம் வரத் தாமதமா, நடுவில் விழிப்பா, விடியுமுன்னே விழிப்பா, வேலை, பசி, எடை. நோயாளி தானே நிரப்புகிற படிவம் இல்லை அது. ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்டு, பார்த்து, எண் போட வேண்டும். சிலவற்றுக்கு நோயாளியின் பதிலே போதாது. பேச்சு மந்தமாகியிருக்கிறதா, ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போகிறது, விரல்கள் சும்மா இருக்கின்றனவா அல்லது புடவை நுனியைத் திருகிக்கொண்டிருக்கின்றனவா என்பதை எதிரே இருப்பவர்தான் கவனித்துக் குறிக்க வேண்டும். பட்டியலின் கடைப்பகுதியில் இன்னோர் இனமும் இருக்கிறது: தனக்கு நோய் இருக்கிறது என்று இவருக்குத் தெரிகிறதா? அதற்கான எண்ணையும் கேட்பவர்தான் போடுகிறார்.